இன்னும் ஒரே ஒரு தடவை

“ஒரே விஷயத்தையே தினமும் கேட்டா, உங்க ஆண்டவர் மனசு மாறிடுவாராக்கும்?”

போதகரான கணவரை இப்படிச் சீண்டாவிட்டால் அவளுக்குப் பொழுதே விடியாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவாள். மண்டியிட்டிருப்பவரோ கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொள்வார்.

அன்று, அதே ரத்தத்தை நாலாவது முறையாக மெஷினில் வைத்தாள்.

“அக்கா, மூணு தடவையும் வெள்ளையணு எக்கச்சக்கமாத்தானே காட்டுச்சு?” என்றாள் கூட வேலை செய்பவள்.

“மெஷின்ல கோளாறு இருக்கும்.”

“காலையில நீங்கதானே சரிபார்த்தீங்க? மத்தவங்க ரத்தமெல்லாம் ஒழுங்காத்தானே வருது?”

“அப்ப ட்யூப் மாறியிருக்கும். உன் வேலையைப் பாருடி!”

யாரிடமும் எரிந்து விழாதவள் இப்படிக் கத்தியதும், மற்றவள் நகர்ந்துவிட்டாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். உதடுகள் தாமாக எதையோ முணுமுணுத்தன.

நாலாவது தாளிலும் அதே எண்கள்தான்.

கதவைத் திறந்துகொண்டு கணவர் எட்டிப் பார்த்தார். “வெளியே உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு. ரிசல்ட் வந்துடுச்சா?”

தாளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “இன்னும் இல்லைங்க. இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துடுறேன்.”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை மெல்லப் பிரித்துக் கூடையில் போட்டுவிட்டு, அவள் தலையைத் தடவினார்.

“ஒரே விஷயத்தை எத்தனை தடவைம்மா கேப்ப?”