டேப்பின் மறுமுனை

சிதம்பரத்தில், அக்கா கலைமணி இறந்தபின் பூட்டியே கிடந்த வீட்டைத் திறந்து சிலம்பரசன் அளந்துகொண்டிருக்கிறான். காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று யோசனை. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்துவிட்டால் கட்டில்கள் கூடுதலாகப் போடலாம். மாலை வெயில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக இறங்கித் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. அதற்குள் தூசி மெதுவாகச் சுழல்கிறது. கரண்ட் இல்லாததால், அக்கா நோயோடு படுத்திருந்த உள்ளறை ஒரே இருட்டு. மனைவி இளவரசி டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அதற்குள் போயிருக்கிறாள். "செவுத்தோட ஒட்டிப் புடிச்சிக்க," என்கிறான். டேப் விறைத்து நிற்கிறது. குனிந்து அளவைப் பார்க்கிறான். "சரியாப் புடிச்சிருக்கியா?" பதிலாக டேப் மட்டும் ஒருமுறை லேசாக இழுபடுகிறது. அப்போது தெருவாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இளவரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "அந்த ரூம்புல மூச்சு முட்டுது மாமா. டேப்ப கீழ போட்டுட்டு, தோட்டத்துக் கதவு வழியா சுத்தி வந்துட்டேன்." டேப் தரையைத் தொடாமல் இன்னும் விறைத்தே நிற்கிறது. அதைப் பார்த்ததும் அவள் கை அவன் தோளை இறுகப் பற்றுகிறது. நோயில் கிடந்தவளிடம் பேசிய அதே தணிந்த குரலில் இருட்டைப் பார்த்துச் சொல்கிறான்: "செவுத்த இடிக்கலக்கா. ஒன் ரூம்பு அப்படியே இருக்கட்டும்." டேப் சட்டென்று சுருண்டுகொள்ளவில்லை. யாரோ நுனியைப் பிடித்தபடி நடந்து வருவதுபோல, மெல்ல மெல்ல அவன் கைக்குள் திரும்பி வருகிறது.