கைப்பட்டை சொன்ன சேதி

கிரேன்காரர் இடது கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே விட்டால் அது எதையாவது பிடிக்கும், பிடித்தால் நடுங்கும், நடுங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள்.

பக்கத்தில் அவர் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து டாக்டரம்மாவின் கதவுவரை போவதும், திரும்பி வந்து உட்காருவதும், கைப்பையைத் திறந்து மூடுவதுமாக இருந்தாள். மறுபடி எழுந்தபோது இடது செருப்பு காலைவிட்டுக் கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது.

"காலுக்கு அடங்காத செருப்ப எதுக்கு வாங்கின?" என்றார் அவர்.

"வாங்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. நீங்க பேசாம இருங்க, எனக்கே பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வாள்? மனிதர் துறைமுகத்தில் ஏழு மாடி உயரத்தில் உட்கார்ந்து கப்பலுக்குப் பெட்டி ஏற்றுகிறவர். கைநடுக்கத்தைப் பார்த்துவிட்டு மேலதிகாரி கீழே இறக்கிவிட்டார். நரம்பு டாக்டரம்மா சரியென்று சொன்னால்தான் மறுபடி மேலே, இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் இவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு மாதத்திலேயே பாதி ஆளாகிவிட்டார்.

டாக்டரம்மா போன வாரம் இரண்டு பட்டைகள் கொடுத்திருந்தார். ஒன்று இடது மணிக்கட்டுக்கு, இன்னொன்று இடது கணுக்காலுக்கு. கட்டிக்கொண்டு வழக்கம்போல நடமாடினால் போதும், கை எப்படி அசைகிறது, கால் எப்படி நடக்கிறது என்று எல்லாவற்றையும் அதுவே பதிந்துகொள்ளும்.

நர்ஸ் வந்து அவர் கையிலும் காலிலும் இருந்த பட்டைகளைக் கழற்றினாள். மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"இப்படியா இறுக்கிக் கட்டுவாங்க? ரத்தம் ஓட வேணாமா?"

"லூசா இருந்தா சரியாப் பதியாதோன்னு..." மனைவி முந்திக்கொண்டாள்.

உள்ளே போனதும் டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார். தண்ணீர் ஆடியது. டம்ளரை வாங்கிக்கொண்டு கையை மடியில் வைக்கச் சொன்னார். கை சமர்த்தாகக் கிடந்தது.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"அப்பா, சித்தப்பா, அத்தை, எல்லாருக்கும் உண்டு டாக்டரம்மா. எங்க வீட்ல யாருக்கும் டம்ளர் நிறைய டீ ஊத்தவே மாட்டாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப இந்த நடுக்கம் பரம்பரையா வர்றது. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையில அடங்கிடும். இதுக்காகக் கிரேன விட வேண்டியதில்ல."

மனைவி பெருமூச்சு விட்டாள். இதற்குப் போயா இத்தனை பாடு என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ஆனா பட்டையில வந்திருக்கறது வேற கதையா இருக்கே." டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நடக்கும்போது இடது கை வீசவே இல்ல. இடது கால் தூக்கி வைக்காம தரையோட தேயுது. பார்க்கின்சன் நோயோட ஆரம்பமா இருக்கலாம். இன்னும் சில டெஸ்ட் எடுத்துதான் உறுதியாச் சொல்லணும். அதுவரைக்கும் கிரேன் வேண்டாம்."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"மெஷின் தப்பாச் சொல்லியிருக்கும்," என்றாள். "இவருக்கு ஒண்ணுமில்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"மெஷினும் தப்பலாம். அதனாலதான் நேர்லயும் பாத்துடலாங்கறேன். எழுந்து கொஞ்சம் நடந்து காட்டுங்க."

கிரேன்காரர் எழுந்திருக்கவில்லை. அவர் பார்வை வாசற்பக்கம் போயிருந்தது. உள்ளே வரும்போது மறுபடி கழன்ற அவளுடைய இடது செருப்பு அங்கேயே கிடந்தது. அவள் வேண்டாமென்று கண்ணால் கெஞ்சினாள்.

அவர் நடுங்குகிற கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவரால் அழுகையை அடக்க முடியவில்லை.

"என் நடுக்கம் பதிஞ்சா வேலை போயிடும்னு, வாரம் பூரா அந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு நடந்தது இவ, டாக்டரம்மா!"