முதல் இடம்

ஆன்லைன் கேரம் ஆட ஆள் சேர்க்கும் சாட்பாட்டை அமைத்தபோது, நான்கு என்று போடவேண்டிய இடத்தில் ஜெனிஷா நானூறு என்று போட்டுவிட்டாள்.

“நானூறு பேரு சேந்தாத்தான் ஆட்டம் தொடங்குமாம். வெளங்கிடும்,” என்றான் நண்பன் ரெஜின்.

“கெடக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்,” என்றவள் மறந்தே போனாள்.

ஆறு வருடம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அந்தக் கேரம் குழுவைக் கைபேசியில் திறந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சாட்பாட் விடாமல் ஆட்டத்துக்கு ஆள் அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளிலெல்லாம் பெயர்கள்.

“யாருக்காக வெயிட் பண்றோம்?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

“தெரியல. ஆனா வருவாங்க,” என்றிருந்தார் இன்னொருவர்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். சாட்பாட்டை அமைத்தவருக்கென்று ஒதுக்கிய முதல் இடம் மட்டும் காலியாக இருந்தது.

கோயில் வாசலுக்கு வந்தவளைப்போல, ஜெனிஷா நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினாள்.