ஒரு வருடப் பீப்பாய்

"இன்னும் ஒரு மாசம் கிடக்கட்டுமே, வெர்லின். ஊற ஊறத்தானே ருசி?"

"ஒரு வருஷம்னு பேச்சு. பதினாலு பேரும் குவளையோட காத்துக்கிட்டிருப்பாங்க. நகரு மார்லிஸ், நகரு."

வெர்லின் எஃகுப் பீப்பாயைக் குலுங்காமல் தூக்கி வண்டியில் ஏற்றினான். அடியில் படிந்த மண்டி கலங்கக் கூடாதாம். அவன் மனைவி மார்லிஸ் பீப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதில் மண்டி ஏது, பீர் ஏது? அவள் ஊற்றி வைத்தது பச்சைத் தண்ணீர். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஷெபாய்கன் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் இப்படி ஒரு வழக்கம். அக்டோபரில் எல்லோரும் கூடிக் கடும் பீர் ஒன்று காய்ச்சுவார்கள். யாராவது ஒருவர் வீட்டு நிலவறையில் அது ஒரு வருடம் ஊறும். அடுத்த அக்டோபரில் பூங்காவில் கூடித் திறப்பார்கள்.

போன வருடம் காவல் பொறுப்பு வெர்லினுக்கு. பொறுப்பேற்ற இரண்டாம் வாரமே, போதையில் வண்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வேலியில் விட்டான். மறுநாள் சத்தியம் செய்தான்.

"இனிமே ஒரு சொட்டுக் கிடையாது."

"அப்போ கீழே இருக்கறதை வேற யார்கிட்டயாவது கொடுத்திடு."

"சங்கத்துக்கு என்னன்னு சொல்றது? அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீ என்னை நம்பு."

"நம்புறேன்" என்றாள். அவன் வேலைக்குப் போனதும், அத்தனையையும் சாக்கடையில் விட்டுவிட்டுத் தண்ணீரை நிரப்பி மூடினாள்.

மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தொலைத்துவிட்டான்! பதினொரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நம்பாமல் செய்த காரியத்தை எந்த முகத்தோடு சொல்வாள்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் இன்று வந்து நின்றது.

பூங்காவில் சாசேஜ் வறுபடும் வாசனை. மார்லிஸ் பீப்பாயின் பக்கத்திலேயே நின்றாள். தண்ணீர் கொட்டினால் என்ன நினைப்பார்கள்? குடித்துத் தீர்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தான் என்றுதானே?

தாடிக்காரன் ஒருவன் அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"யார்கிட்டப் போய்க் காவல் வெச்சோம்! குழாயைத் திறந்தா காத்துதான்டா வரப் போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான். அவன் நண்பன் கர்ட் குழாயில் கை வைத்தான்.

"நிறுத்துங்க!" மார்லிஸ் கத்தியேவிட்டாள். "அதுல இருக்கறது... நான்தான்..."

குழாய் திறந்துவிட்டது. செம்பு நிறத்தில், கெட்டி நுரையோடு, பீர்.

"அடேய், இத்தனை வருஷத்துல இதுதாண்டா பீர்!" தாடிக்காரன் முதல் ஆளாகக் குவளையைத் தூக்கினான்.

மார்லிஸ், எலுமிச்சைச் சாற்றோடு ஒதுங்கி நின்றிருந்த வெர்லினிடம் போனாள்.

"எப்படி?"

"கர்ட் வீட்டுல வெச்சு மறுபடி காய்ச்சினோம். அங்கேயே ஊறுச்சு. போன வாரம் நீ கடைக்குப் போனப்ப பீப்பாயை மாத்தி வெச்சேன்."

"நீயா காய்ச்சினே?"

"துடுப்புப் போட்டுக் கிளறினது நான். ருசி பார்த்தது எல்லாம் அவன்."

"அப்போ தண்ணிங்கறது உனக்கு முதல்லயே தெரியுமா?"

"ம்."

"ஏன் என்கிட்டக் கேட்கலை? கத்தியிருக்கலாமே!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நம்புறேன்னு சொல்லிட்டு உன்னை நம்பாமப் போயிட்டேனே, வெர்லின்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லவேளை நம்பலை. சத்தியம் பண்ணின மூணாம் நாளே குவளையை எடுத்துக்கிட்டு நான் கீழே இறங்கிட்டேன், மார்லிஸ். குழாயைத் திறந்தா, பச்சைத் தண்ணி."