வெறுங்கால்

எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மோவாய் கிழிந்து வரும் பிள்ளைகள் எல்லாரும் கோயிலிலிருந்துதான் வருகிறார்கள். மற்ற இடங்களில் கால் தடுமாறினால், இப்போது எல்லாரும் போடும் தானியங்கி ஷூவே விழாமல் பிடித்து நிறுத்திவிடும். வீட்டுக்குள்ளும் அதை யாரும் கழற்றுவதில்லை. கோயில் வாசலில் மட்டும் கழற்றியாக வேண்டும்.

நறுமுகையும் பிரகாரத்தில் ஓடித்தான் விழுந்தாள். கையை ஊன்றவே இல்லை. ஷூ பிடிக்கும் என்று காத்திருந்திருக்கிறாள்.

தையல் பிரித்த அன்று அவள் அம்மா சுகிர்தா, “தேர் வருது டாக்டர். இவள ஷூவோட உள்ள விடச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் குடுங்க” என்றாள்.

“சீட்டெல்லாம் எதுக்கும்மா? ஜெசிந்தா பாத்துக்குவாங்க” என்று டாக்டர் என்னைக் காட்டினார். தையல் போடுவது அவர் வேலை. விழக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

என் அறை மெத்தையில் நறுமுகையை வெறுங்காலோடு நிற்கவைத்து லேசாகத் தள்ளினேன். மரம் மாதிரி சாய்ந்தாள்.

“கை எங்க போச்சு? முழங்கைய மடக்கு, முகத்தத் திருப்பு.”

கொஞ்ச நேரத்தில் அவளே ஓடிவந்து விழுந்து, உருண்டு, சிரித்தாள்.

சுகிர்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “போதும் மேடம்” என்று மகளைப் பிடிக்க ஓடிவந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஷூவிலேயே நடந்தவள். என் அறைக்குள் வருவதற்காகத்தான் கழற்றியிருந்தாள். மெத்தை விளிம்பு தடுக்க, இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்க, அப்படியே குப்புற விழுந்தாள்.

நான் போவதற்குள் நறுமுகை அவளருகில் மண்டியிட்டிருந்தாள்.

“கைய ஊனணும்மா. எந்திரி, நான் காட்டுறேன்.”