மங்கலாகத் தெரியுமா

பூங்கோதையின் கருவிழி மெல்லியது, கண்ணாடியைத் தவிர்க்கச் செய்கிற வழக்கமான லேசர் சரிப்படாது என்றார் கண் டாக்டர். மேல்படலத்தை மட்டும் நீக்கிச் செய்கிற லேசர் இருக்கிறது, சில நாள் வலிக்கும். இல்லையென்றால் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துவிடலாம். "எது சீக்கிரம் ஆறுமோ அதையே பண்ணிடுங்க" என்றான் கணவன் கதிரேசன். சோடாபுட்டிக் கண்ணாடியோடு அவளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போக முடியவில்லையாம். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து துப்பட்டாவைத் திருகிக்கொண்டே இருந்தாள். "வாயைத் திறந்து சொல்லேன்" என்று அவன் குரல் உயர்ந்ததும் அவள் கை தானாகப் போய்க் கண்ணாடியைக் கழற்றியது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் கத்த ஆரம்பித்தால் கழற்றிவிடுவாள். புருவமும் பல்லும் கரைந்து, முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்புநிறம் மிஞ்சும். சத்தத்தை மட்டும் எப்படியோ தாங்கிக்கொள்வாள்.

"உங்களுக்கு எதாவது கேக்கணுமாம்மா?" என்றார் டாக்டர்.

"ஆபரேஷன் பண்ணினப்புறம், வேணும்கிறப்போ இதே மாதிரி மங்கலாத் தெரியுமா டாக்டர்?"

கதிரேசன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பூங்கோதை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.