மீசையைப் பிடித்தவள்

கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே கொஞ்சம் பயம்.

ஒரு அடுப்படி அலமாரிக்குப் பின்னால் அக்கா தங்கை இரண்டு கரப்பான்கள் இருந்தன. மூத்தவள் நாச்சி, கெட்டிக்காரி. இளையவள் பூவாத்தா. ஒருநாள் பச்சைக் குளவி ஒன்று பூவாத்தாவின் தலைக்குள் மூளையைத் தேடித் தேடிக் கொட்டியது. பிறகு அவளை வைத்து மூட ஒரு பொந்து தேடிப் போனது.

"ஓடுடி! திரும்பி வந்து உன்னைத் தன் குஞ்சுக்கு இரையாக்கிடும்!" என்று கத்தினாள் நாச்சி.

"கால் நல்லாத்தான் இருக்குக்கா," என்று பூவாத்தா நிதானமாக மீசையைத் துடைத்தாள். "ஓடணும்னுதான் தோணலை."

நாச்சி அந்த மீசையைக் கவ்வி இழுத்தாள். கயிறு கட்டிய கன்றுக்குட்டி போல பூவாத்தா அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். குளவி ஏமாந்து போனது.

அதிலிருந்து நாச்சிக்கு நல்ல காலம். புதுத் தீனி எதைக் கண்டாலும் பூவாத்தாவை முதலில் தின்னவிட்டு, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் தான் வாய் வைப்பாள். "நீ இல்லேன்னா நான் என்னடி ஆவேன், தங்கம்!" என்று கொஞ்சுவாள். பூவாத்தா எதற்கும் மாட்டேன் என்றதில்லை.

சில நாள் கழித்து, கொட்டின விஷம் இறங்கி, பூவாத்தாவின் பின்னங்கால் துள்ளியது.

"அக்கா, மீசையை விடுக்கா. எனக்கு ஓடணும் போல இருக்கு."

நாச்சி விடவில்லை. இன்னும் இறுக்கிக் கவ்வி, குளவி குடியிருந்த சுவர்ப் பொந்து வரை இழுத்துப் போனாள். அங்கே அந்த மீசையைக் காலால் மிதித்துக்கொண்டு, பொந்துக்குள் தலையை நீட்டி மெதுவாகக் கூப்பிட்டாள்:

"குளவியம்மா, இருக்கீங்களா? ஒரே ஒரு கொட்டு போதும்."